நான் உட்கார்ந்தேன், மாமா நின்றார்

மெல்பர்னில் எங்கள் நான்கு வயது மகளின் டீச்சர், தரையில் முட்டி போட்டு அமர்ந்து, "என் கண்ணைப் பார்த்துச் சொல்லு" என்பார். அவளும் அந்த நீலக் கண்களை நேராகப் பார்த்துத் தண்ணீர் கேட்பாள். எனக்குத்தான் கூச்சமாக இருக்கும். ராஜபாளையத்தில் நான் படித்த பள்ளியில் அப்படிப் பார்த்திருந்தால், "ஏட்டி, என்ன மொறைக்க?" என்றிருப்பார்கள். பிறகு நூற்பாலையின் சோதனைக்கூடத்தில் வேலை கேட்கப் போனபோதும் கையைக் கட்டி, தரையைப் பார்த்துத்தான் நின்றேன். அடக்கமான பெண் என்று சேர்த்துக்கொண்டார்கள். அதே அடக்கத்தோடு மெல்பர்னில் போன இடமெல்லாம், தன்னம்பிக்கை போதாது என்று அனுப்பிவிட்டார்கள்.

மகளின் காதுகுத்துக்காக நானும் அவளும் வன்னியம்பட்டியில் மாமனார் வீட்டுக்கு வந்திருந்தபோதுதான் அந்த அழைப்பு வந்தது. மெல்பர்ன் துணி ஆலை ஒன்றின் ஆய்வகத்தில் வேலை, வீடியோவில் நேர்காணல். மகள் பிறந்ததும் நூற்பாலை வேலையை விட்டவள் நான். இதுவும் நழுவினால் இனி யார் கூப்பிடுவார்கள்? அங்கிருந்து கணவர் போனில் பாடம் எடுத்தார்.

"பொண்ணு பாக்க வந்திருக்காகன்னு நெனச்சுத் தலையக் குனிஞ்சிராத. தோள நிமித்து. கேமராவப் பாரு."

"திமிருன்னு நெனச்சிர மாட்டாகளா?"

"அம்புட்டுத் திமிரு உங்கிட்ட இருந்தா நான் ஏன் தொண்டத்தண்ணி வத்தக் கத்துதேன்?"

உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் ஹெலன் என்ற மேலாளரும் இன்னொருவரும். நூலின் முறுக்கை எப்படி அளப்போம் என்று கேட்டதும் என்னவோ பிடிபட்டுவிட்டது. கைகளை விரித்து விரித்துச் சொன்னேன். ஹெலன் முன்னால் சாய்ந்து கேட்டார். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அந்த நேரம் கதவு திறந்தது. மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டு மாமா. இந்த வீட்டில் மாமனார் நிற்கும்போது மருமகள் உட்காருவதில்லை. யோசிக்கவே இல்லை, விருட்டென்று எழுந்துவிட்டேன். திரையில் அவர்களுக்கு என் இடுப்புதான் தெரிந்திருக்கும்.

"நீங்கள் போக வேண்டுமா? முடித்துக்கொள்ளலாமா?" என்று ஹெலன் ஆங்கிலத்தில் கேட்டார். போயிற்று என்று நினைத்தேன்.

மாமா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏன் தாயி எந்திரிச்ச? உக்காரு."

"நீங்க நிக்கீகளே மாமா."

"பட்டாளத்துல பனியில நின்னவன், செத்த நேரம் இங்க நிக்க மாட்டனா? அவிய காத்திருக்காகல்லா, உக்காந்து பேசு."

உட்கார்ந்தேன். மாமனார் வந்ததால் எழுந்தேன், அது எங்கள் வழக்கம் என்று ஹெலனிடம் நேராகச் சொன்னேன்.

"ஓ, அவரும் நேர்காணலில் இருக்கிறாரா?"

"இல்லை, காவலுக்கு நிற்கிறார்." எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ. இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். கடைசிக் கேள்வி வரைக்கும் மாமா, மகள் உள்ளே ஓடிவராதபடி கதவை மறித்து விறைப்பாக நின்றார்.

வேலை கிடைத்தது! மாமா ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய், கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு வந்தார்.

இப்போது மெல்பர்னில் தினமும் வேலைக்குப் போகிறேன். ஹெலன் என் மேசைப் பக்கம் வந்தால் உடம்பு தானாக எழுகிறது. இங்கே யாரும் எழுவதில்லை என்பது பாதியில்தான் நினைவுக்கு வருகிறது. நாற்காலிக்கு ஒரு சாண் மேலே, நிற்கவும் இல்லாமல் உட்காரவும் இல்லாமல், சிரித்த முகமாக 'குட் மார்னிங்' சொல்கிறேன்.