நூறு நூறாய்க் கட்டிய தாள்கள்

எங்கள் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்த கிளாக்கர் ஒல்லியானவர். எந்த முடிச்சையும் பல்லால் இழுத்துப் பார்ப்பார். குண்டுவீச்சுக்குப் பயந்து, பிள்ளைகளின் பதிவுத் தாள்களைப் பத்துப் பத்தாகக் கட்டி வெவ்வேறு வீடுகளில் வைக்க நினைத்தார். கொண்டுபோய் வைக்க வேண்டிய பியோன் நான்.

"நான் எட்டாம் வகுப்போடை நிண்டவன், அண்ணை. இத்தினை கட்டும் எங்கையெங்கை எண்டு மறந்துபோடுவன். நூறு நூறாய்க் கட்டுங்கோ," என்றேன்.

"ஒரு கட்டுப் போனா நூறு பிள்ளையளின்ரையும் போயிடுமெல்லோ?" என்றவர், என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "சரி, நூறாய்க் கட்டுவம். நீயும் யோசினையில்லாமல் நித்திரை கொள்ளவேணுமே."

கொழும்புத்துறையில் நான் கட்டு வைத்திருந்த ஒரு வீட்டில் ஷெல் விழுந்து, அந்தக் கட்டு எரிந்தது. மகனின் தாளைத் தேடி வந்த தாய், "உது இல்லாமல் அவனை எந்தப் பள்ளிக்கூடம் எடுக்கும்?" என்று அழுதார்.

"பெரிசாய்க் கட்டினது என்ரை பிழை, அம்மா," என்றார் கிளாக்கர்.

நூறாய்க் கட்டச் சொன்ன நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. என்னைக் காப்பாற்றவா, என்னைப் பார்க்கப் பிடிக்காமலா என்பது இன்றும் எனக்குத் தெரியாது.