தங்கச்சி பெயருக்கு நடந்த தேர்தல்

கடந்த ஜனாதிபதித் தேர்தலில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை, இரண்டாவது விருப்பு வாக்கையும் எண்ணப் போகிறார்கள் என்று டீவியில் சொன்னபோது நான் மட்டும் சிரித்துவிட்டேன். பிள்ளைகள் காரணம் கேட்டார்கள். நாலு பேர் முன்னால் கதை சொல்ல எனக்கு வராது. ஒன்றுமில்லை என்று எழுந்து போய்விட்டேன். எழுதுவது கொஞ்சம் சுலபமாக இருக்கிறது.

என் சின்ன வயதில் நாங்கள் மலையகத்தில், வட்டகொடைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பலருக்கு அந்த வருடம்தான் ஓட்டுரிமை கிடைத்து, முதல் ஓட்டும் போட்டு முடித்திருந்தார்கள். தங்கச்சியும் அப்போதுதான் பிறந்தாள். முப்பதாம் நாள் பெயர் வைக்க வேண்டும்.

பெரியப்பா அம்மன் பெயராக மாரியாயி என்றார். பட்டிப்பொலவிலிருந்து தொட்டில் சேலையோடு ரயிலில் வந்த தாய்மாமன் பிரியதர்ஷினி என்றார்.

“மாரியாயின்னு கூப்புட்டா இந்த லயத்துலயே நாலு பேரு திரும்பிப் பாப்பாங்க” என்றார் மாமாவின் மனைவியான அத்தை.

“ஒங்க பேரச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள காலையில வேலைக்கிப் பேரு கூப்புடுற பெரட்டு கலைஞ்சு எல்லாரும் மலைக்கிப் போயிருவாங்க” என்றார் பெரியப்பா.

மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. தன் பெயர் வைக்காவிட்டால் சேலையை மடித்துக்கொண்டு அடுத்த ரயிலில் போய்விடுவேன் என்றார். அப்பா இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தார். உள்ளே பாயில் குழந்தையோடு படுத்திருந்த அம்மா, “செங்கமலம்னு வைப்பமே” என்றாள். அவளோடு ஒரே மலையில் கொழுந்தெடுத்து, பிறகு குடும்பத்தோடு கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்ட கூட்டாளியின் பெயர் அது. வெளியே யாரும் காதில் வாங்கவில்லை.

அம்மா சொன்னதைக் கேட்டபடியே சித்தியின் கணவர், எங்கள் சித்தப்பா, வந்து சேர்ந்தார். தலவாக்கலை பஜாரில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் அவருக்கு வேலை. தேர்தலில் ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்பத்தை வரிசையாகப் போடலாம் என்று கடையில் கேட்டு வந்து லயம் முழுக்கச் சொன்னவர். ஒருவரும் அப்படிப் போடாததில் அவருக்குப் பெரிய வருத்தம்.

“சண்ட எதுக்கு? ஓட்டு வைப்போம்” என்றார். “ரெண்டே பேருன்னா ஆளுக்குச் சரிபாதிதான் விழும். மதினி சொன்ன பேரையும் ஒரு பேச்சுக்குச் சேத்துக்குவோம்.”

மூன்று பால்மா டின்களை அம்மா படுத்திருந்த அறையில் வரிசையாக வைத்தார். மாரியாயிக்கு மஞ்சள் துணி, பிரியதர்ஷினிக்கு ரிப்பன். மூன்றாவதற்கு எதுவும் கட்டவில்லை. அப்பா, பெரியப்பா, பெரியம்மா ஒரு பக்கம். மாமா, அத்தை, சித்தி மறுபக்கம். ஒவ்வொருவருக்கும் ஐந்து போஞ்சிக் கொட்டை, அதாவது பீன்ஸ் விதை. மிகவும் பிடித்த பெயருக்கு மூன்று, அடுத்த பெயருக்கு இரண்டு, பிடிக்காததற்கு ஒன்றுமில்லை. ஒவ்வொருவராக உள்ளே போய்ப் போட வேண்டும்.

நான் அம்மாவின் காலடியில் இருந்தேன். முதலில் பெரியப்பா வந்தார். அம்மா மெதுவாக, “ஒங்க பேருக்கு மூனப் போட்டுருங்க. மிச்ச ரெண்ட மட்டும் அந்தப் பேருக்குப் போட்டுறாதீங்க, அவங்க ஜெயிச்சிருவாங்க” என்றாள். பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டு போட்டார். அடுத்து மாமா. “அண்ணே, ஒங்க பேருக்கு மூனு. மிச்ச ரெண்டு மாரியாயிக்குப் போயிறாமப் பாத்துக்கங்க” என்றாள். ஆறு பேருக்கும் இதே பேச்சுத்தான். எனக்கு அழுகை வந்தது. தன் பெயருக்குப் போடுங்கள் என்று ஒருவரிடமும் கேட்கவில்லையே!

சித்தப்பா டின்களை வாசலில் கொட்டி எண்ணினார். மாரியாயிக்கு ஒன்பது. பிரியதர்ஷினிக்கு ஒன்பது. செங்கமலத்துக்குப் பன்னிரண்டு.

பிறகு பெரியப்பா, “நம்ம பேரு வராட்டிப் போகுது, அவங்க பேரு வரல்ல பாத்தியா” என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். மாமாவும் அத்தையிடம் ஏறக்குறைய அதையேதான் சொல்லியிருக்க வேண்டும். அவரும் சிரித்துக்கொண்டே சேலையை விட்டத்தில் போட்டுத் தொட்டில் கட்டினார்.

அரசாங்கம் சித்தப்பாவைப் போல எண்ணுவதில்லை என்று இப்போதுதான் டீவி பார்த்துத் தெரிந்துகொண்டேன். முதல் விருப்பில் முன்னால் நிற்கும் இரண்டு பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களை முதலிலேயே கழித்துவிடுகிறார்கள். அப்படி எண்ணியிருந்தால் என் தங்கச்சி செங்கமலமாக ஆகியிருக்க மாட்டாள்.

அன்று வெளியே எல்லோரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது நான் மட்டும் உள்ளே போனேன்.

“கவலப்படாதீங்கம்மா” என்றேன். “ஒங்க பேருக்கு ஒருத்தருமே மூனு போடல்ல. எல்லாரும் மிச்சத்தத்தான் போட்டாங்க.”

அம்மா என்னைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. அவள் குலுங்கிய குலுங்கலில் குழந்தை விழித்து அழுதது. பச்சை உடம்போடு என்ன சிரிப்பு என்று பெரியம்மா வெளியிலிருந்து அதட்டினார். அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள், கண்ணில் தண்ணீர் வழிந்தது. துக்கம் தாங்காமல்தான் இப்படிச் செய்கிறாள் என்று நினைத்து, பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை நெடுநேரம் தடவிக் கொடுத்தேன்.