கண்ணுக்குள் லென்ஸ், கையில் நோட்டீஸ்

போராட்டத் தொழிலில் முதலில் உடைவது கொடிக்கம்பு அல்ல, மூக்குக் கண்ணாடி. சோடாபுட்டி போட்டுக் கோஷம் போட்ட தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

யார் கை

குடிகாட்டுக்குக் கூடுதல் டவுன் பஸ் கேட்டு மறியல். தள்ளுமுள்ளில் என் மைனஸ் பதினொன்று கண்ணாடி தார்ரோட்டில் தூளானது. எதிரே இருப்பதெல்லாம் புகை. பக்கத்தில் ஒரு கை தட்டுப்பட்டது. தோழர் கை என்று இறுகப் பற்றி, "அசையாதே, உட்கார்!" என்று கத்தினேன். கைக்குரியவர் இன்ஸ்பெக்டர்.

"யோவ், கையை வுடுய்யா! நான்தான்யா உன்னைப் புடிக்கணும்."

எட்டுப் பேர் சாட்சி

அந்த அவமானத்தில்தான், முப்பத்தெட்டு வயதில், சிதம்பரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணுக்குள்ளும், பிறவி லென்ஸை எடுக்காமல் அதற்கு முன்னால், பவர் லென்ஸ் வைத்துக்கொண்டேன். என்னோடு கொடி பிடித்த பலர் இன்று காரில் போகிறார்கள். நான் டவுன் பஸ்தான். ஆனால் அதன் போர்டை வளைவில் திரும்பும்போதே படித்துவிடுவேன்.

எட்டு வருஷம் கழித்து, நான் எழுதிய நோட்டீஸே எனக்குக் கிட்டத்தில் தெரியவில்லை. லென்ஸ் மோசடி என்று முடிவுகட்டி, காட்டுமன்னார்கோயில் தோழர்கள் எட்டுப் பேரோடு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தேன். கண் பரிசோதிக்கும் பெண் பதறவில்லை. படிக்கிற கண்ணாடி ஒன்றை என் மூக்கில் வைத்தாள். எழுத்து பளிச்சென்று நின்றது.

"சார், லென்ஸ் நல்லாத்தான் இருக்கு, இது வயசு. பின்னாடி நிக்கிற எட்டு பேரையும் இத படிக்கச் சொல்லுங்க, பாப்போம்."

ஒருவருக்கும் தெரியவில்லை என்பதை நான் எந்த நோட்டீஸிலும் போடவில்லை.

காலி இடம்

அன்றைக்கே முழுப் பரிசோதனையும் செய்தார்கள். வைத்த லென்ஸுக்கும் பிறவி லென்ஸுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி வலக்கண்ணில் குறைந்திருந்தது. அதனால் பிறவி லென்ஸின் ஓரத்தில் புரை தொடங்கியிருந்தது. வளர்ந்தால் இரண்டையும் எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும் என்றார் டாக்டர்.

விடுவேனா? வைத்த நாள் முதல் கண் அழுத்தம், கருவிழி உள்படலத்துச் செல் எண்ணிக்கை, இடைவெளி, எல்லாம் எழுத்துமூலம் வேண்டும் என்று மேஜையைத் தட்டினேன். அந்தப் பெண் ஃபைலைத் திருப்பி வைத்தாள். வருஷத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருந்தார்கள். முதல் நாலு வருஷம் வந்திருக்கிறேன். அப்புறம், கண்தான் தெரிகிறதே என்று இருந்துவிட்டேன்.

"இந்த நாலு காலி இடமும் உங்களுது சார். அதுக்கும் நகல் வேணுமா?"

மறுபடியும் அதே கை

 அடுத்த வாரமே நோட்டீஸ் அடித்துவிட்டேன்: 'கண்ணில் லென்ஸ் வைத்தவர்களே! நன்றாகத் தெரிந்தாலும் ஆண்டுதோறும் போங்கள்! பதிவின் நகலைக் கேட்டு வாங்குங்கள்!' ஆஸ்பத்திரிக்குள் கொடுக்கக் கூடாது என்றார்கள். வாசலில் நின்று கொடுத்தேன். ஆறு வருஷமாகக் கொடுக்கிறேன். புரையும் தன் வேலையைப் பார்த்தது. வரும் திங்கட்கிழமை வலக்கண்ணுக்கு ஆபரேஷன். அதுவரை இடக்கண் போதும்.

நேற்று கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் நோட்டீஸை நின்று முழுவதும் படித்தார். அதே இன்ஸ்பெக்டர், ஓய்வுபெற்று நரைத்துப்போய். அவர் மகளுக்கும் லென்ஸ் வைத்து ஆறு வருஷமாம். அதற்கப்புறம் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லையாம். திங்கட்கிழமை எனக்கு ஆபரேஷன் என்றதும், அன்றைக்கே அவளையும் இழுத்துக்கொண்டு வருவதாகச் சொன்னார்.

"இன்னும் நாலு குடுய்யா. ஆபரேஷன் முடிஞ்சு வெளிய வரும்போது மட்டும் யார் கைன்னு பாத்துப் புடி."

முப்பது வருஷமாக எந்த அதிகாரியின் வார்த்தையையும் நேரில் போய்ச் சரிபார்க்காமல் விட்டதில்லை. சோதிக்காமல் நான் நம்பிய ஒரே ஆசாமி என் வலக்கண்.