மார்கழியில் வெளுத்த விரல்கள்

நியமனத்துக்கு முந்திய மருத்துவப் பரிசோதனையில் ஐயம் எழுந்தால், இரண்டு கிழமைக்குள், அதாவது பதினான்கு நாளுக்குள், மறுபரிசோதனை நடத்த வேண்டும் என்பது விதி. என் சின்னம்மாவின் விஷயத்தில் அது மீறப்பட்டது. காரணம் நான்தான் என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன்.

அவளுக்கு ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. மருத்துவச் சான்று ஒன்றுதான் பாக்கி. அது நல்லபடியாகக் கிடைக்கவேண்டுமென்று நேர்ந்து, திருவெம்பாவை நாளெல்லாம் விடியுமுன் கிணற்றடியில் தலை முழுகினாள். பரிசோதனை நாளன்றும் அப்படியே. ஈரத்தலையோடு, வாடைக் காற்றில், கல்லடிப் பாலத்தை நடந்தே கடந்தோம். எட்டு வயதான நான் துணை.

நாடி பார்க்கக் கையைப் பிடித்த டொக்டர், நாடியை விட்டுவிட்டு விரல்களைப் பார்த்தார். சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை.

"எத்தனை நாளா இப்பிடி?"

"இண்டைக்குத்தான் ஐயா. நடந்து வந்த குளிர்."

பொய் சொல்லக்கூடாது என்று பள்ளியில் படித்திருந்தேன். "இல்ல டொக்டர், ஒவ்வொரு மார்கழியும் இப்பிடித்தான். பொறகு நீலமாகும், பொறகு சிவக்கும்."

சின்னம்மா என்னைப் பார்க்கவேயில்லை. டொக்டர்தான் சிரித்தார்.

"குளிர் பட்டா எல்லாருக்கும் விரலில சின்ன ரத்தக் குழாய்கள் சுருங்கும், உள்ளுக்கு இருக்கிற சூட்டைக் காக்க. உங்களுக்குக் கொஞ்சம் கூடச் சுருங்குது. பயப்பட ஒண்டுமில்ல. ஆனா இந்தத் தாளில அதை எழுத இடமில்ல."

உடம்பும், தலைமை அலுவலகத்தைக் காப்பாற்றக் கிளை அலுவலகங்களை மூடும் ஒரு நிர்வாகம்தான். பிற்காலத்தில் நானே அப்படிச் சில சுற்றறிக்கைகள் எழுதினேன்.

'ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனை' என்று எழுதித் தந்தார். திரும்பும் வழியில் நான் அழுதேன். சின்னம்மா தன் விரல்களை என் கக்கத்துக்குள் செருகிக்கொண்டாள்.

"நல்ல சூடா இருக்கு புள்ள. உன்ட வாய் மட்டும் கொஞ்சம் குளிர்ந்திருக்கலாம்."

அப்பா விதியைக் காட்டி மூன்று முறையீடுகள் எழுதினார். டொக்டருக்குச் சட்டம் தெரியாது என்று வீட்டில் எல்லோரும் ஏசினோம். இரண்டு கிழமையில் கூப்பிட்டிருந்தாலும் வாடைதான் வீசியிருக்கும், விரல்கள் மறுபடி வெளுத்துத்தான் இருக்கும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. அந்த மனிதர் விதியைத் தெரிந்தேதான் மீறினார் என்று எனக்குப் புரிய, விதிகளைக் காத்தே ஒரு உத்தியோக காலம் முழுவதும் கழியவேண்டியிருந்தது.

கச்சான் காற்று அனலாய் வீசி, வாவிக்கரைப் புல்லெல்லாம் காய்ந்துகிடந்த ஒரு நண்பகலில், வெளுப்போ நீலமோ இல்லாமல் பத்து விரலும் சிவந்திருக்கச் சின்னம்மா தபாற்காரரிடம் மறுபரிசோதனைக் கடிதத்தை வாங்கினாள். அன்று ஜூன் பதினெட்டாம் திகதி.