மரத்தாரா செய்தது யார்?

கலியாணம் முடித்து டென்மார்க்குக்கு வந்த முதல் பனிக்காலம் முழுவதும் என் கணவரை நான் கள்ளனைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தேன். காரணம் இருந்தது. இக்காஸ்ட் நகரத்துத் துணி ஆலையில் வேலை முடிந்து பின்னேரம் வருவார், சோற்றை அள்ளிப் போடுவார், "கீழை ஒருக்காப் போட்டு வாறன்" என்று இறங்கிவிடுவார். எங்கள் மாடிக் கட்டடத்தின் நிலவறையில் அப்படி என்னதான் இருக்கிறது? கேட்டால், "கீழ்வீட்டு டெனிஷ்காரருக்குக் கொஞ்சம் உதவி" என்பார். என்ன உதவி என்று கேட்பதற்குள் பாதிப் படி இறங்கியிருப்பார். திரும்பி வந்ததும் கை கழுவத் தொடங்குவார், லேசில் முடிக்கமாட்டார்.

குடி என்று நினைத்து வாயை மணந்து பார்த்தேன். இல்லை. பொம்பிளை விசயமோ என்று சட்டையை உதறினேன். மரத்தூள்தான் கொட்டியது. மரத்தூளோடு ஒரு மனிதன் என்ன களவு செய்யலாம்? அது விளங்காமல்தான் எனக்கு விசர் பிடித்தது.

ஒருநாள் பனி கொட்டி பஸ் ஓடவில்லை, அவருக்கு ஆலையும் எனக்கு மொழி வகுப்பும் இல்லை, அவர் காலையிலேயே கீழே இறங்கிவிட்டார். செருப்பைக்கூட மாற்றாமல் கீழே போய்க் கதவைத் தள்ளினேன்.

உள்ளே முழுவதும் மரத்தாராக்கள், மரத்தில் செதுக்கிய வாத்துகள். கீழ்வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற மனிதர், வேட்டைக்காரர். பனிக்காலத்தில் பொழுதுபோக்காகத் தாரா செதுக்கி, இலையுதிர் காலத்தில் சில்க்போர்க் பக்கத்து ஏரியில் மிதக்கவிடுவாராம். மேலே பறக்கிற உயிர்த்தாராக்கள் தங்கள் இனம் நிம்மதியாக இருக்கிறது என்று நம்பி இறங்கும். இறங்கினால் வெடிதான்.

என் கண் தாராக்களில் நிற்கவில்லை. டெனிஷ்காரர் மேசையில் கட்டையை இறுக்கி, நின்றபடி சீவிக்கொண்டிருந்தார். என் கணவரோ சீமெந்துத் தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்து, இரண்டு உள்ளங்காலுக்கும் நடுவில் கட்டையைப் பிடித்து உளியால் செதுக்கிக்கொண்டிருந்தார். கால்விரல்கள் கட்டையைத் தாமாகவே திருப்பின. "டுக்டி, டுக்டி" என்று கிழவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கெட்டிக்காரன் என்று அர்த்தம்.

அக்காவுக்கு அலுமாரி செய்ய எங்கள் முற்றத்துக்கு வந்த தச்சுவேலை ஓடாவியார் இப்படித்தான் உட்கார்ந்தார். பொழுதுபோக்குக்குப் பழகியவனுக்கு அந்த இருப்பு வராது.

மேலே வந்ததும் கேட்டேன்: "உங்கடை ஐயா கடை வைச்சிருந்தவர் எண்டுதானே சொன்னனீங்கள்?"

"கடை இல்லை. ஓடாவி வேலை." சட்டையில் மரத்தூளைத் தட்டிக்கொண்டே கேட்டார்: "உண்மையைச் சொல்லியிருந்தா உம்மடை ஆக்கள் உம்மைத் தந்திருப்பினமோ?"

தந்திருக்கமாட்டார்கள். ஓடாவியாரை முற்றத்தோடு நிறுத்துகிற வீடு எங்களுடையது. சாதி பார்க்காமல் எங்கள் வீட்டில் ஒரு சம்பந்தமும் நடந்ததில்லை. போரில் ஊர் எரிந்துகொண்டிருந்த நேரம், கொழும்பில் அவசரமாகப் பேசி முடித்த கலியாணம், விசாரிக்க ஒருவருக்கும் அவகாசமில்லை. என் கோபம் சாதிக்காக இல்லை, அவர் பொய் சொன்னதற்காகத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அதுவும் முழுதாக உண்மையில்லை. அதன் பிறகு அவர் எதைச் சொன்னாலும் நம்பவில்லை. சொன்ன ஊர் சரியா, படத்தில் நிற்பது அவருடைய தாய்தானா என்றுகூட யோசித்தேன்.

"இஞ்சை எங்கடை சனம் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்," என்றார். "தெரிஞ்சா எங்கடை வீட்டுப் படி ஏறி ஒருத்தரும் ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடிக்கமாட்டினம்."  என் கணவர் செதுக்கி, கிழவர் அவருக்கே கொடுத்துவிட்ட ஒரு தாராவை, அலுமாரிக்குள் வைக்கும்படி என் கணவர் சொல்லியும், வீம்புக்குத் தொலைக்காட்சிப் பெட்டியின் மேலே வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு அண்ணையும் மனைவியும் வந்தார்கள். எங்களுக்கு முன்னரே டென்மார்க்குக்கு வந்த தமிழர், யார் யாருடைய பிள்ளை என்று வேர்வரைக்கும் தோண்டாமல் விடாதவர். தேநீர் வைத்தேன். அண்ணையின் கை நேரே தாராவுக்குத்தான் போனது. கழுத்தைப் பெருவிரலால் தடவினார்.

"இது பழகின கை. ஆர் செய்தது?"

என் கணவரின் முகத்தில் இரத்தமே இல்லை. அவர் அண்ணையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். ஒரு சொல் போதும், அவரை விழுத்திவிடலாம். இவ்வளவு நாளும் அந்தச் சொல்லைத்தான் வாய்க்குள் வைத்திருந்தேன். ஆனால் அப்படிப் பயந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு அதைச் சொல்ல வரவில்லை.

"நான்தான் அண்ணை. கீழை ஒரு கிழவர் பழக்கிறவர்," என்றேன்.

அண்ணையின் மனைவி சிரித்தார். அண்ணை சிரிக்கவில்லை. தாராவை மெதுவாக வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தங்கச்சி ஊரிலை எந்தப் பக்கம்?"

சொன்னேன்.

"அதிலை ஆற்றை ஆக்கள்?"

யாருடைய ஆட்கள் என்றால் என்ன சாதி என்று அர்த்தம்; எங்கள் வீட்டார் எத்தனையோ பேரிடம் கேட்ட கேள்வி. என்னிடம் அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அப்பாவின் பெயரைச் சொன்னால் நான் தப்பிவிடுவேன். பிறகு அந்தக் கண் என் கணவர் பக்கம் திரும்பும்.

"தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ அண்ணை," என்றேன்.

அண்ணை தன் மனைவியைப் பார்த்தார். இருவரும் கோப்பையைத் தொடாமல் எழுந்து கோட்டைப் போட்டார்கள்.