பச்சை நாடா கட்டியவர்

லுகாயாவில் நெடுஞ்சாலையோரச் சுகாதார நிலையத்தில் நாகிமேரா நர்ஸ். விபத்தில் அடிபட்டவர்கள் வந்தால், யாரை முதலில் பார்ப்பது என்று தீர்மானித்து மணிக்கட்டில் நாடா கட்டுவது அவள் வேலை. சிவப்பு என்றால் உடனே. மஞ்சள் கொஞ்சம் பொறுக்கலாம், பச்சை காத்திருக்கலாம். கத்துகிறவர்களைக் கண்டு அவள் பதறுவதில்லை. கத்துவதற்கும் மூச்சு வேண்டுமே.

அன்று மதியம் கொட்டும் மழையில் ஒரு டாக்சி வேன், நின்றிருந்த மீன் லாரியின் பின்னால் போய் மோதியது. வேனில் வந்த வாழைக்காய் வியாபாரி செம்வாங்கா, அடிபட்ட இரண்டு பேரைத் தாங்கி உள்ளே கொண்டுவந்தார். சட்டையெல்லாம் ரத்தம், ஆனால் அவருடையதல்ல.

"எனக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர், மத்தவங்களப் பாருங்க."

அவருக்குப் பச்சை நாடாவைக் கட்டிவிட்டு நகர்ந்தாள்.

கை முறிந்த ஒரு பெண்ணின் அலறல் காதைப் பிளந்தது. மசாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக இருந்தது ஒரே ஆம்புலன்ஸ், அதில் ஒரே படுக்கை. அதில் அவளை ஏற்றினார்கள். நாகிமேரா வாசலுக்கு வந்தபோது, பெஞ்சில் செம்வாங்கா இடது தோளைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"தோள்ல அடியா அண்ணே?"

"அடியெல்லாம் இல்ல. அந்தக் குண்டு மனுஷனத் தூக்கினேன்ல, அதான்."

அவர் கையைப் பிடித்தாள். உள்ளங்கை ஜில்லென்று வியர்த்திருந்தது. நாடி நூலாக மெலிந்து, கண்டபடி ஓடியது.

"கைய விடுங்க சிஸ்டர். வீட்ல ஏற்கெனவே ரெண்டு பொண்டாட்டி இருக்காங்க, மூணாவதுக்கு எடமில்ல."

அவள் சிரிக்கவில்லை. சட்டையை விலக்கி இடது விலாவுக்குக் கீழே அழுத்தினாள். அவருடைய சிரிப்பு பாதியில் நின்றது. வயிறு பலகையாக இறுகியிருந்தது. உள்ளே எங்கோ ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கிறது.

பச்சையைக் கத்தரித்துவிட்டுச் சிவப்பைக் கட்டினாள்.

"அந்தம்மாவ இறக்குங்க!"

அந்தப் பெண்ணின் தம்பி பாய்ந்து வந்தான். "கண்ணு அவிஞ்சு போச்சா? எங்கக்கா துடிக்கிறா, சிரிச்சுக்கிட்டு இருக்கறவன ஏத்துறீங்க!"

"உங்கக்கா விரல் சூடா இருக்கு தம்பி, ரத்தம் நல்லா ஓடுது. அவங்க தாங்குவாங்க. இவருக்கு நேரமில்ல."

ஊசி குத்தி சலைனை ஏற்றினாள். வண்டியின் கதவைச் சாத்தும்போது செம்வாங்கா மெதுவாகக் கேட்டார்: "ஏன் சிஸ்டர் இப்படி இருட்டிக்கிட்டு வருது?"

மழை எப்போதோ நின்றிருந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது.

சாயங்காலம் மசாக்காவிலிருந்து போன் வந்தது. மண்ணீரல் கிழிந்திருந்ததாம். எடுத்துவிட்டார்கள், உயிர் இருக்கிறது.

பச்சை நாடா கட்டிய ஒருவரையும் நாகிமேரா அன்று வீட்டுக்கு அனுப்பவில்லை. பெஞ்சின் ஒரு முனையிலிருந்து, மறுபடியும் ஒவ்வொரு கையாகப் பிடித்துப் பார்க்கத் தொடங்கினாள்.