பார்க்காமல் விட்ட ஆணி

பணி ஓய்வுக்குப் பிறகு வீட்டில் மரவேலை செய்ய எனக்கு உறுதியான ஒரு மேசை தேவைப்பட்டது. ஸ்ரீரங்கத்தில் இடித்த பழைய வீட்டின் மரச்சட்டங்களை வாங்கி, திருவானைக்காவலில் என் வாசலில் இறக்கினேன். பக்கத்து வீட்டு செல்வம் ஆட்டோ ஓட்டுகிறவர். சவாரி இல்லாத நேரத்தில் கைகொடுக்க வந்தார்.

பழைய மரத்தில் ஆணி புதைந்திருக்கும். அறுப்பதற்கு முன் தேடிப் பிடுங்க வேண்டும். மூன்று சட்டங்களில் பிடுங்கினேன். நான்காவதில் பொறுமை போய்விட்டது.

"ஆணியெல்லாம் பாத்துட்டீங்களாண்ணே?" என்று கேட்டபடி செல்வம் மறுமுனையைப் பிடித்தார்.

"பாத்தாச்சுப்பா. பொண்ணு பாக்குற மாதிரி எத்தனை தடவை பாக்குறது? புடி."

மெஷின் ரம்பம் ஆணியில் மோதியது. தெறித்த துண்டு அவருடைய வலது கண்ணில் பாய்ந்தது. ஆஸ்பத்திரியில் அந்தக் கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. அழுத தன் மனைவிக்கு செல்வமே ஆறுதல் சொன்னார்: "அண்ணன் பாத்துட்டுத்தான் அறுத்தாரு. என் கெட்ட நேரம்."

நான் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

செல்வம் ஆட்டோவை விற்றுவிட்டு, மண்ணச்சநல்லூரில் ஓர் அரிசி ஆலைக்கு வாட்ச்மேனாகப் போனார். ஆனாலும் ஞாயிறுதோறும் சிரித்த முகத்தோடு என்னைப் பார்க்க வருவார். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் ஒரு நாள் சொல்லிவிட்டேன்.

"அந்தச் சட்டத்தை நான் பாக்கவே இல்ல, செல்வம்."

டீ கிளாஸைக் கீழே வைத்தார். "கெட்ட நேரம்னு மனசத் தேத்தி வச்சிருந்தேண்ணே. இப்ப அதுவும் போச்சு."

அதன் பிறகு அவர் வரவில்லை. உண்மையைச் சொன்னது அவருக்காகவா, என் பாரம் இறங்கவா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். எனக்காகத்தான் சொல்லியிருக்கிறேன்.